குடிக்காம இருக்கிறதுக்குக் குலுக்கல்

தண்ணி இல்லாத பக்கெட்டுல எறாவைக்கூட உயிரோட வெச்சிருந்துடலாம், குடியை விட்ட ஆம்பளையை விட்டபடியே வெச்சிருக்கிறது இருக்கே, அது பெரிய பேஜார். பழவேற்காடு ஏரிக்கரையில எனக்கு அந்த வேலைதான். சம்பளம் கிடையாது, திட்டு உண்டு. நானும் பழைய குடிகாரன், விட்டு ரெண்டரை வருஷம் ஆவுது. நான் ஒரு மொடக்கு போட்டேன்னு தெரிஞ்சா, என்னை நம்பி வர்ற ஆறு பேரும் வரிசையா கவுந்துடுவானுங்க. அந்த பயம் என்னை விட்டுப் போனதே இல்ல. வீட்டுல ஒருத்தரையோ, இல்ல உங்களையேயோ காவல் காக்குறவங்களுக்கு இது புரியும்.

முதல் கூட்டம்

ஞாயித்துக்கிழமை சாயங்காலம், ஐஸ் கம்பெனி பின்னால இருக்கிற ஷெட்டுல கூட்டம். டீ, பஜ்ஜி என் செலவு. முதல் ஆளா வந்தவன் ஏழுமலை, என்கூட ஒரே படகுல தொழில் பண்றவன். வரும்போதே கதவு எதுன்னு தெரியாம செவுத்துல முட்டிக்கினான். எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "இன்னாடா, குடியை விடுற கூட்டத்துக்கே குடிச்சிட்டு வந்திருக்கே?"ன்னு கத்தினேன்.

அவன் பஜ்ஜியை எடுத்துக்கினே நிதானமா சொன்னான்: "குடிக்காதவனுக்குக் கூட்டம் எதுக்குண்ணே?"

பாடு போட்ட கதை

"ஜென்மத்துக்கும் விடணும்னு நெனைக்காதீங்க. இன்னிக்கு ஒரு நாள் குடிக்காதீங்க, போதும்"னு சொல்லி அனுப்பினேன். நான் யோசிக்காம விட்டது ஒண்ணு. எங்க ஏரியில எல்லா இடத்துலயும் மீன் ஒரே மாதிரி விழாது. அதனால இன்னிக்கு இந்த எடத்துல யாரு வலை கட்டணும், நாளைக்கு யாருன்னு சீட்டு குலுக்கி முறை வெச்சிருக்கோம். அதுக்குப் பேரு பாடு. பொறந்ததுலேர்ந்து பாத்துப் பழகுன வழக்கம்.

அடுத்த வாரம் வந்தா ஆறு பேரும் சந்தோஷமா இருக்கானுங்க, ஆனா வாடை குப்புனு அடிக்குது. விசாரிச்சா, சொம்புல சீட்டு போட்டுக் குலுக்கியிருக்கானுங்க! திங்கக்கிழமை ஏழுமலை குடிக்க மாட்டான், செவ்வாக்கிழமை அந்தோணி அண்ணன் குடிக்க மாட்டாரு, இப்படி ஆளுக்கொரு நாள். ஞாயித்துக்கிழமைக்கு என் பேரைப் போட்டுட்டானுங்க. தலையில கை வெச்சு குந்திட்டேன்.

எங்கள்ல மூத்தவரான அந்தோணி அண்ணன் முதுகைத் தட்டிக் குடுத்தாரு: "கவலைப்படாத தம்பி, ஒரு நாள்கூட தவறல. தெனம் யாராச்சும் ஒருத்தன் குடிக்காமதான் இருந்தோம்."

அதே சொம்பு

சரி, இவனுங்களுக்குப் புரியற பாஷை இதுதான்னு சொம்பை நானே எடுத்துக்கினேன். குடிக்காம இருக்கிறது எல்லாரும், எல்லா நாளும். தடுமாறுறவன்கூட ஒட்டிக்கினு திரியற வேலைக்கு மட்டும் குலுக்கல். முதல் மாசம் பூரா தடுமாறினவன் ஏழுமலைதான். காலையில பல் தேய்க்கிறப்போலேர்ந்து யாராச்சும் ஒருத்தர் அவன் வீட்டு வாசல்ல இருப்பாங்க.

ஒரு மாசம் கழிச்சு அவன் பொண்டாட்டி செல்வி என்னை மீன் மார்க்கெட்டுல மடக்குனா: "அண்ணே, இந்தாளு குடிச்சப்போ ஒரு ஆளுக்குத்தான் சோறு ஆக்குவேன், அதையும் துன்ன மாட்டாரு. இப்போ தெனம் ரெண்டு பேரு, ரெண்டாந்தரம் வேற கேக்குறாங்க!"

நைனா செத்த அன்னிக்கு

போன மாசம் என் நைனா செத்துட்டாரு. எங்க பக்கம் சாவுன்னா பாட்டில் இல்லாம ஆவாது. எளாவூர்லேர்ந்து வந்த மச்சான், தூக்குறவங்களுக்குன்னு ஒரு பச்சைப் பையைக் கொண்டாந்து வீட்டுக்குப் பின்னால வெச்சான். அதை நான் பாத்துட்டேன். அதுக்கப்புறம் நைனா முகத்தைப் பாத்தாலும் பைதான் கண்ணுல நிக்குது. ஒரே ஒரு மொடக்கு, யாருக்குத் தெரியப் போவுதுன்னு பின்பக்கம் போனேன்.

பை மேல ஏழுமலை குந்தியிருந்தான். அவன் விட்டே அப்போ அம்பது நாள்தான். "எழுந்திருடா பேமானி!"ன்னு கத்தினேன். அசையல. "காலையிலேயே குலுக்கிட்டோம்ணே, எம்பேரு வந்துச்சு"ன்னான். அங்கேயே உடைஞ்சு அழுதுட்டேன்.

அவன் சட்டைக் காலரைப் புடிச்சிக்கினு பக்கத்துல அந்தோணி அண்ணன் இருந்தாரு. "உனக்கு இவன் காவல், இவனுக்கு நான் காவல். எனக்கு ஆள் இல்ல, சீக்கிரம் வந்து குந்து தம்பி!"

நைனாவைத் தள்ளாடாம தோள்ல தூக்கினேன். அதைப் பாத்துட்டு ஊரே நான்தான் இவனுங்களைத் திருத்தினேன்னு பேசிக்குது, நானும் இதுவரைக்கும் இல்லன்னு சொல்லல.