மலைக்கு அந்தப்புறம் ஒரு வீடு

கொதிக்கவைத்த கத்தி, கிருமி கொல்லும் கார்பாலிக் நீர், பஞ்சு, கட்டுத்துணி என்று நர்ஸான நான் எடுத்துவைக்க வேண்டிய எல்லாம் மேசையில் இருந்தன. மயக்க மருந்து மட்டும் இல்லை. நோயாளியின் இதயம் அதைத் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர் அவர். நல்ல உயரம். விரல்களில் கரும்புத்தோகை கிழித்த பழைய தழும்புகள். முன்பு டிரினிடாட் தீவில், சான் பெர்னாண்டோ என்ற ஊரில் கரும்பு வெட்டியவர். படுக்கை விரிப்பில் விரலால் அந்த ஊரை வரைந்துகொண்டே இருப்பார்.

சீழ் பிடித்த பாதத்தை அன்று கீற வேண்டும். அசைந்தால் கத்தி நரம்பில் பட்டுக் கால் போய்விடும். நான் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, படகுத்துறையிலேருந்து உங்க வீட்டுக்கு வழி சொல்லுங்க."

கத்தி இறங்கியது. அவர் பல்லைக் கடித்தார்.

"எறங்குனா எதுக்க மலைம்மா. ஏத்தம், மெதுவா வாங்க. ஒருதரம் ஊரே எரிஞ்சு திரும்பக் கட்டுனாங்களாம்."

"அப்புறம்?"

"மலைக்கு அந்தாண்ட ரயிலு, சீனி ஆலை. அதத் தாண்டிப் பூராவும் கரும்பு. ஓரத்துல நம்ம வூடு."

கால் அசையவே இல்லை. டாக்டர் கத்தியை எடுத்துவிட்டார். எனக்கு மூச்சு வந்தது.

"வந்துட்டோம்ல, கதவைத் தட்டுங்க" என்றேன்.

அப்போதுதான் அந்தக் கால் என் கைக்குள் உதறியது.

"வேணாம்மா. விட்டுட்டு வந்து எத்தனையோ வருசமாச்சு. யாரு வந்து தொறப்பாங்களோ."

பிறகு அவர் இரண்டு காலாலும் நடந்தே துறைமுகக் குடியிருப்புக்குத் திரும்பினார். அந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.