தலைமடைக்காரருக்கு ஒரு பால்கனி அறை

கப்பலில் கால் வைக்காமலே கப்பலில் அறை விற்பதுதான் எங்கள் தொழில்.

தஞ்சாவூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். சாயங்காலம் வந்தால் விடியற்காலையில் பால்காரர் வரும்போதுதான் வீட்டுக்குப் போவேன். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அப்போதுதான் பகல். அவர்கள்தான் இங்கே இருக்கும் அப்பா அம்மாவுக்காகக் கப்பல் அறை பிடிப்பார்கள். சிங்கப்பூரில் ஏறி, மலேசியா, தாய்லாந்துப் பக்கத்துத் தீவுகளைச் சுற்றிவிட்டு வரும் கப்பல். அறையில் மூன்று வகை. ஜன்னலே இல்லாதது, ஜன்னல் இருந்தும் திறக்க முடியாதது, பால்கனி உள்ளது. அந்த மூன்றாவதில்தான் எல்லாச் சண்டையும்.

இந்த வேலைக்கு முன்னால் ரைஸ் மில்லில் இராக்காவல் பார்த்தேன். அங்கே உட்கார்ந்து கற்றுக்கொண்டதுதான் என் இங்கிலீஷ். கப்பலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் கம்பெனி அனுப்பும் படங்களைப் பார்த்துத் தெரிந்ததுதான். வீட்டில் எல்லாருக்கும் ரயில் டிக்கெட் எடுத்து, மாமியாருக்கு மேல் பெர்த் விழுந்து, அதற்காக மதுரை வரைக்கும் திட்டு வாங்கிய அனுபவம் உங்களுக்கு இருந்தால் மேற்கொண்டு படியுங்கள். நாமெல்லாம் ஒரே சாதி.

கிழக்கு பார்த்த கப்பல்

பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆன ஒருவர். மகன் கனடாவிலிருந்து பணம் கட்டத் தயாராக இருந்தான். அப்பாவுக்கு ஒரே ஒரு சந்தேகம். பால்கனி கிழக்கு பார்த்து இருக்கிறதா? வீடு கட்டும்போது தெற்கு பார்த்த மனையை வாங்கிவிட்டு அவர் பட்ட பாட்டை முதலில் விவரமாகச் சொன்னார். அதே தப்பைக் கடலிலும் செய்ய அவர் தயாராக இல்லை.

கப்பல் போகும்போது ஒரு திசை பார்க்கும், திரும்பும்போது எதிர்த்திசை பார்க்கும், துறைமுகத்தில் நிற்கும்போது அதற்கு எப்படி வசதியோ அப்படி நிற்கும் என்று எடுத்துச் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார்.

“காலையில ஒரு பக்கம், சாயங்காலம் ஒரு பக்கமா? இது கப்பலா சார், எங்க வார்டு கவுன்சிலரா?”

கடலே வேண்டாம்

அதிராம்பட்டினத்தில் துணி வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர் அவராகவே கூப்பிட்டார். இப்படிப்பட்டவர்கள் குறைவு. பார்ட்டி பெரியது என்று நிமிர்ந்து உட்கார்ந்து, பால்கனி அறையின் பெருமைகளை எடுத்துவிட்டேன். கண் விழித்ததும் கடல், காபி குடிக்கும்போது கடல், படுக்கையில் படுத்தபடியே கடல். கம்பெனி கொடுத்த வாசகங்கள்தான். நான் கொஞ்சம் உருகிச் சொல்வேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். முடிந்ததும் ஜன்னலே இல்லாத உள் அறை என்ன விலை என்றார். சொன்னேன். உடனே முடித்துவிட்டார். ஏன் பாய், பணம் ஒரு பிரச்சினையா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். சிரித்தார்.

“பணம் இல்ல தம்பி. பொறந்ததுலேர்ந்து அந்தக் கடலத்தான் பாத்துகிட்டு இருக்கேன். ஒரு வாரமாச்சும் அது கண்ணுல படாம தூங்கணும்.”

டல்லாஸிலிருந்து கவிதா

இனி வரப்போவதெல்லாம் ஒரே குடும்பத்தின் கதை. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் நெல்லும் வாழையுமாக நிலம் வைத்திருக்கும் வைத்திலிங்கம், அவர் மனைவி செண்பகம், டல்லாஸில் இருக்கும் மகள் கவிதா. கவிதாதான் முதலில் பேசினாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பால்கனி அறை வேண்டும். ஒன்று அவளுக்கும் கணவருக்கும், ஒன்று பெற்றோருக்கும். இரண்டு பால்கனிக்கும் நடுவில் ஒரு தடுப்புப் பலகை இருக்கும், கேட்டால் திறந்துவிடுவார்கள் என்பதைக்கூட விசாரித்து வைத்திருந்தாள்.

கிடைத்திருப்பது ஒரு வார லீவு. நேராக ஊருக்கே வந்துவிடலாமே அம்மா, செலவு மிச்சமாகுமே என்றேன். விற்கிறவன் இப்படிப் பேசலாமா என்று பக்கத்து சீட்டு ரம்யா முறைத்தாள். கவிதா சொன்னாள்.

“ஊருக்கு வந்தா பாக்க வர்றவங்களோட நான் ஹால்ல இருப்பேன், வந்தவங்களுக்குக் காபி போட்டுகிட்டு அம்மா அடுப்படியில இருப்பாங்க. கப்பல்ல அடுப்படி கிடையாது சார்.”

திறக்காத ஜன்னல்

கப்பல் நடுவில் அருமையான இரண்டு அறைகள் இருந்தன. ஒரு நாள் நிறுத்தி வைத்தேன். சம்மதம் கேட்கத் திருக்காட்டுப்பள்ளிக்குப் போன் போட்டால், எடுத்தது வைத்திலிங்கம். தூங்குகிற அறைக்கு எதற்குப் பால்கனி, உள் அறையே போதும் என்று வெட்டிப் பேசினார். பின்னாலிருந்து செண்பகம் அம்மாள் குரல் கேட்டது. உள் அறை என்றால் அவர் வரவில்லையாம். அவர் வரவில்லை என்றால் கவிதா வந்து யாரைப் பார்ப்பது?

விஷயம் இதுதான். ஒரு தடவை தலைவலிக்கு ஸ்கேன் எடுக்கச் செண்பகம் அம்மாளைக் குழாய் மாதிரி ஒரு மெஷினுக்குள் படுக்க வைத்திருக்கிறார்கள். பாதியில் கரண்ட் போய்விட்டது. வெளியே இழுப்பதற்குள் அலறிவிட்டார். அதிலிருந்து மூடிய அறையில் தூக்கம் வருவதில்லை. ஐப்பசி அடைமழையிலும் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் படுக்கிறார். வீட்டில் எல்லாருக்கும் இது கேலி. செண்பகம் அம்மாள் பின்னாலிருந்தே எனக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

“நான் முரண்டு பிடிக்கலீங்க தம்பி. கண்ண மூடினா அந்தக் குழாய்க்குள்ளயே கிடக்குற மாதிரி இருக்கு. காத்து வர்ற கதவு இருந்தா வர்றேன், இல்லன்னா என்னை விட்டுருங்க.”

தலைமடை

சரி, பால்கனிதான் என்று வைத்திலிங்கம் இறங்கி வந்தார். இறங்கி வந்த வேகத்தில் அடுத்ததில் ஏறிக்கொண்டார். பால்கனி என்றால் கப்பலின் முன்பக்கம்தான் வேண்டும்.

முன்பக்கம் ஆட்டம் அதிகம், நடுப்பகுதிதான் ஆடாமல் இருக்கும் என்று படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். அவர் காதில் ஏறவில்லை. கல்லணைக்குப் பக்கத்தில், வாய்க்கால் பிரியும் இடத்திலேயே வயல் வைத்திருக்கும் தலைமடைக்காரர் அவர். எத்தனை வறட்சியிலும் முதல் தண்ணீர் அவர் வயலுக்குத்தான். செண்பகம் அம்மாள் பிறந்த ஊரோ வேதாரண்யம் பக்கம், வாய்க்கால் போய் முடிகிற கடைமடை. மேட்டூர் திறந்தால் இங்கே நடவு முடிந்து பச்சை கட்டிய பிறகுதான் அங்கே தரை நனையும். கல்யாணம் ஆன நாளிலிருந்து மாமனார் ஊரைச் சொல்லி மனைவியைச் சீண்டுவது அவருக்குப் பொழுதுபோக்கு. அதே கணக்கில்தான் கப்பலையும் பார்த்தார். சாப்பாடு, தண்ணீர், மரியாதை எல்லாம் முன்னாலிருந்து பின்னால் போகும் என்பது அவர் கட்சி. பிறகு குரலைத் தாழ்த்தி, என் நன்மைக்குச் சொல்வது போல் கேட்டார்.

“உண்மையச் சொல்லுங்க தம்பி. பின்னாடி ரூம்ல குழாயத் தொறந்தா தண்ணி வருமா, இல்ல முறை வச்சு விடுவாங்களா?”

ரம்யாவின் தீர்ப்பு

அவர் யோசித்துச் சொல்வதற்குள் நிறுத்தி வைத்த நேரம் தாண்டிவிட்டது. ஏதோ ஒரு கல்யாணக் கோஷ்டி கப்பலின் நடுப்பகுதியை மொத்தமாக வளைத்துப் போட்டுவிட்டது. பக்கத்துப் பக்கத்து அறைகள் என்று பார்த்தால் மிச்சம் இருந்தவை முன்கோடியில் இரண்டு, பின்கோடியில் இரண்டு. அவ்வளவுதான்.

முன்கோடி கிடைத்ததே, தலைமடைக்காரருக்குக் கொண்டாட்டம்தானே என்று நினைக்கிறீர்களா? நானும் நினைத்தேன். பிறகு கப்பல் கம்பெனியின் குறிப்பைப் படித்தேன். கப்பல் வேகம் எடுத்தால் முன்கோடியில் பேய்க்காற்று அடிக்கும். பால்கனிக் கதவைச் சாத்திவிடச் சொல்வார்கள், இரவில் திரையும் போடச் சொல்வார்கள். செண்பகம் அம்மாளுக்கு அது மறுபடியும் ஸ்கேன் மெஷின். பின்கோடியில் அந்தத் தொல்லை இல்லை. பால்கனியும் பெரிது. இன்ஜின் அதிர்வு கொஞ்சம் இருக்கும். ஆனால் பின்கோடி என்றால் கடைமடை! கவிதாவிடம் சொன்னேன். அப்பாவிடம் பேசிப் பேசித் தொண்டை வற்றிவிட்டது, இனி என்னால் முடியாது, நீங்கள் பேசுங்கள் சார் என்றாள். பாதியில் அவள் குரல் உடைந்தது. நான் அவளைத் தேற்றிவிட்டு, அடுத்து வந்த யாரோ ஒருவருக்கு அதே தேற்றும் குரலில் பால்கனியின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். போனை வைத்ததும் ரம்யா நாற்காலியோடு என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, நீங்க பால்கனி விக்கிறீங்களா, துக்கம் விசாரிக்கிறீங்களா? அந்த ஆளு பாவம், நான் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிட்டு வச்சிருப்பாரு.”

போன் கைமாறியது

மறுநாள் சாயங்காலம் சீட்டில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக வைத்திலிங்கத்தைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பின்கோடி என்றதும் அவர் கொதித்துப் போனார். வாய்க்காலில் மதகு திறக்க வரும் லஸ்கர்கூட இப்படித்தான் பேசுவானாம், கடைசியில் வேண்டியவனுக்குத் திறந்துவிடுவானாம். முன்பக்கத்தை நான் யாருக்கோ ஒதுக்கி வைத்திருப்பதாக அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஐயா, அம்மாவிடம் கொடுங்கள் என்றேன். இத்தனை நாளில் இதைக் கேட்கத் தோன்றியதே இல்லை. போன் எப்போதும் அவர் கையிலேயே இருந்தது. அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்றபடியே கொடுத்தார். முன்கோடி, பின்கோடி இரண்டையும் ஒளிக்காமல் சொன்னேன். செண்பகம் அம்மாள் கேட்டது ஒரே கேள்வி. பின்னால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே படுக்கலாமா? படுக்கலாம் அம்மா, ஏ.சி. மட்டும் நின்றுபோகும் என்றேன். அது எனக்கு எதற்கு என்றார். கணவர் பக்கத்தில் நின்று இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்கட்டும் என்றோ என்னவோ, செண்பகம் அம்மாள் குரலை உயர்த்தினார்.

“பின்னாடியே போட்ருங்க தம்பி. நாப்பது வருசமா அவரு தலைமடையில நான் இருக்கேன்ல? ஒரு வாரம் என் கடைமடையில வந்து அவரு இருக்கட்டும்.”

வாழைப்பழத்தோடு வந்தவர்

போய்விட்டு வந்த பிறகு வைத்திலிங்கம் ஒரு நாள் சாயங்காலம் ஆபீஸுக்கே வந்துவிட்டார். கையில் பூவன் பழம் ஒரு சீப்பு. மேல்துண்டு, வெள்ளை வேட்டி, கழுத்தில் இன்னும் கழற்றாத கப்பல் அட்டை. முதல் தடவை நேரில் பார்க்கிறேன். குரலை வைத்து நான் நினைத்திருந்ததில் பாதிதான் ஆள்.

புகார் சொல்லத்தான் வந்தாராம். தண்ணீர் எல்லாம் நன்றாக வந்ததாம். பால்கனியில் நின்று கீழே பார்த்தால் கப்பல் போட்ட சால் வெள்ளை வெளேரென்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை நேராகத் தெரிந்ததாம். இப்படி நேராக உழ நம் டிராக்டர்காரனுக்கு வராது என்று மெச்சினார். பிறகு புகாருக்கு வந்தார். ஏறிய அன்றைக்கே நடுத் தடுப்பைத் திறக்கச் சொல்லிவிட்டு அம்மாவும் மகளும் இரண்டு பால்கனியையும் பிடித்துக்கொண்டார்கள். விடிய விடியப் பேச்சு. செண்பகம் அம்மாள் அங்கேயே நாற்காலியில் காற்றாடத் தூங்கிவிடுவார். ஆண்களுக்கு அங்கே இடம் இல்லை. இவரும் மாப்பிள்ளையும் உள்ளே, எதிரும் புதிருமாக. மாப்பிள்ளை இவரைப் பார்த்ததும் எழுந்து நிற்பார், மாப்பிள்ளை நிற்கிறாரே என்று இவரும் எழுந்துவிடுவார். முதல் நாள் முழுக்க இரண்டு பேரும் இப்படி நின்றுகொண்டே போயிருக்கிறார்கள். இரண்டாம் நாள் கால் வலி தாங்காமல் உட்கார்ந்தார்களாம். உட்கார்ந்ததும் வேறு வழியில்லாமல் பேச்சு வந்ததாம். சொல்லிவிட்டு வைத்திலிங்கம் ஒரு பழத்தைப் பிய்த்து என் கையில் கொடுத்தார்.

“கவிதாவுக்குக் கல்யாணம் ஆயி ஆறு வருசத்துல வாங்க, இருங்க தவிர அவருகிட்ட நான் ஒரு வார்த்தை பேசினதில்ல தம்பி. பேசிப் பாத்தா மாப்புள்ள நல்லவராத்தான் இருக்காரு!”

ஆக, கடலைப் பார்க்கும் அறை என்று கம்பெனி விளம்பரம் செய்கிறது, நானும் அப்படியே சொல்லி விற்கிறேன், வாங்கிப் போகிறவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு வருகிறார்கள்.