சூசைமுத்துவின் எஃப்.சி. டயர்கள்

பழனி ரோட்டில் சூசைமுத்துவின் ஒர்க்‌ஷாப்பும் என் பெயிண்ட் ஷெட்டும் ஒரே தகரக் கூரைக்குக் கீழே இருந்தன. இருபது வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: அவன் கெட்டவன் இல்லை, அலுத்துப் போனவன்.

டாக்ஸி வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு முறை வண்டியை ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்டரிடம் காட்டி, ஓடத் தகுதியானதுதான் என்று எஃப்.சி. சான்றிதழ் வாங்க வேண்டும். முந்தின நாளே வண்டி எங்களிடம் வந்துவிடும். சூசைமுத்து வழுக்கை டயர்களைக் கழற்றிவிட்டு, அதற்கென்றே வைத்திருந்த நாலு நல்ல டயரை மாட்டுவான். பிரேக்கை அன்றைக்குப் பிடிக்கிற அளவுக்கு இறுக்குவான். துருவின் மேல் பட்டி வைத்துப் பெயிண்ட் அடிப்பது நான். மறுநாள் எஃப்.சி. முடிந்து வண்டி திரும்பியதும் பழைய டயர் பழைய இடத்துக்குப் போய்விடும். "புது டயர் போடுங்கய்யா" என்று ஆரம்பத்தில் கெஞ்சித்தான் பார்த்தான். ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள். வந்த வேலையைப் பார்ப்போம் என்று விட்டுவிட்டான்.

வேடிக்கை என்னவென்றால், பழைய டாக்ஸியை விலைக்கு வாங்குகிறவர்களும் பேப்பரை அவனிடம்தான் கொண்டுவந்து காட்டுவார்கள். எஃப்.சி. தேதிகளை வரிசையாகப் பார்ப்பான். "இந்தா, இங்க நாலு மாசத்தக் காணோம். எங்கயோ மோதிப் படுத்துருக்கு, வேணாம்" என்பான். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

2006 தவக்காலத்தில் வினோலியா டீச்சர் அப்படி ஒரு கத்தைப் பேப்பரோடு வந்தார். அவருடைய அம்மா இஞ்ஞாசியம்மாளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் இரண்டு முறை மதுரைக்குக் கூட்டிப்போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். பஸ் என்றால், படி ஏறுவதற்குள் அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கும். திரும்பி வரும்போது கால் நிற்காது. டாக்ஸிக்காரர் மொக்கைச்சாமி தன் எட்டு வருடத்துச் சின்னக் காரை விற்பதாகச் சொல்லவும், டீச்சர் தானே ஓட்டிக்கொள்ளலாம் என்று லைசென்ஸும் எடுத்துவிட்டார்.

"அண்ணே, ஒரு தேதிகூடத் தப்பல. எல்லா வருசமும் பாஸ். வாங்கலாம்ல?"

சூசைமுத்து பேப்பரைக் கையில் வாங்கவே இல்லை. அந்த வண்டிக்கு ஒரு நாள்கூடத் தேதி தப்பாததற்குக் காரணமே எங்கள் ஷெட்தான். நான் அவன் காலை மிதித்தேன். மொக்கைச்சாமி டாக்ஸி ஸ்டாண்டுக்குத் தலைவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஒரு வண்டியும் எங்கள் பக்கம் வராது. இவன் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாதா என்றுதான் எனக்கு இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

"வேணாம் டீச்சர்" என்றான். "இன்ஸ்பெக்டர் பாத்தது மொக்கைச்சாமி டயரு இல்ல, என் டயரு. பிரேக்கும் ஒரு நாளைக்குத்தான். அடியில பூராம் துரு. வருசா வருசம் நாங்கதான் ஒப்பேத்தி அனுப்புறோம்."

டீச்சர் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"ரெண்டு வருசமா அம்மாவ அந்த வண்டியிலதாண்ணே மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அந்த வண்டிகளில் யார் உட்கார்ந்து போகிறார்கள் என்று நாங்கள் ஒரு நாளும் யோசித்ததில்லை.

டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஸ்டாண்டுல நல்ல வண்டியா ஒன்னு சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா நம்பி ஏத்துவேன்."

ஸ்டாண்டில் பதினோரு வண்டிகள். சூசைமுத்து ஒவ்வொருத்தர் பெயராக வாய்க்குள் சொல்லிப் பார்த்தது எனக்குக் கேட்டது. பதினொன்றையும் சொல்லி முடித்தான். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னான்.

"பஸ்ஸுலயே போயிருங்க டீச்சர்."