நித்தியகல்யாணிக் கட்டு

செடியைப் பிடுங்கியதும் வுலாசுவா அதன் காய்களைக் குழிக்குள்ளேயே தட்டி உதிர்க்கிறாள். குதிகாலால் மண்ணைத் தள்ளிவிட்டு அடுத்த செடிக்கு நகர்கிறாள். கன்னத்தில் ஒரு நித்தியகல்யாணி இலை அதக்கியிருக்கும். அந்தக் கசப்பில் பசி மரத்துப்போகும். விழுங்கமாட்டாள். "முழுங்கினா பசியும் போயிரும், ஆளும் போயிரும்" என்பாள்.

வேர்களை மருந்துக்காரர்களின் லாரி அள்ளிக்கொண்டு போகும். மடகாஸ்கரின் இந்தத் தென்கோடி முள்காட்டில் மழை ஏமாற்றினாலும் அந்தப் பூ ஏமாற்றியதில்லை.

காட்டோரப் புளியமரத்தில், குரங்கு மாதிரி நீள வால் கொண்ட லெமூர்கள் காலையில் கைகளை விரித்து வெயிலுக்கு வயிற்றைக் காட்டி உட்காரும். "நல்ல பொழப்புடா. சம்பந்தி வீட்டு ஆளுங்க மாதிரி" என்று ஏசிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். அவள் குலத்துக்கு லெமூர் விலக்கு. தின்னக் கூடாது, தொடவும் கூடாது. கூட்டம் வருஷத்துக்கு வருஷம் சிறுத்துவருவதைச் சொல்லிப் புலம்புவாள்.

"பூவை வேரோட புடுங்குறீங்க, அதுக்கு அழலையே அத்தே" என்பாள் மருமகள் தேமா.

"பூ காயை உதிர்த்தா தன்னால மொளைக்கும். லெமூரு குட்டியை வயித்துல கட்டிக்கிட்டு அலையணும்டி."

அன்று மரத்தடியில் ஒரு லெமூர் குப்புறச் செத்துக் கிடந்தது. கழுத்தில் கரி சுடுகிறவர்களின் நாய் கடித்த தடம். தொடக்கூடாது, மூடாமல் விட்டுப்போகவும் கூடாது. வுலாசுவா எட்ட நின்று, அன்று பிடுங்கிய செடிக்கட்டு முழுவதையும் அதன்மேல் எறிந்து மூடினாள். மரியாதை முடிந்தது என்று இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.

சாயங்காலம் தண்ணீரோடு அவ்வழியே திரும்பியபோது கட்டு அசைந்தது. எலி என்றாள் தேமா. வுலாசுவா கம்பால் செடிகளை விலக்கி, செத்ததைப் புரட்டினாள். அதன் வயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி. வாயோரம் இலைத்துணுக்கு.

வுலாசுவா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குடம் சரிந்து தண்ணீர் ஓடியதைப் பார்க்கவில்லை.

"உசுரோட இருந்துருக்கு. நாந்தான் மூடினேன்."

"தொட்டுறாதீங்க அத்தே. ஊருல சேத்துக்க மாட்டாங்க. கம்பால தூக்கிரலாம்."

"கம்பை எப்படிடி கட்டிப்பிடிக்கும்?"

விரலை அதன் வாய்க்குள் விட்டு இலையை எடுத்தாள்.

மறுநாள் அவளுக்கான சோளக்கூழை வேலிக்கு வெளியே தனித்தட்டில் வைத்தார்கள். பக்கத்தில் ஒரு சிரட்டை ஆட்டுப்பாலை வைத்துவிட்டுத் தேமா விலகி நின்றாள். வெயில் ஏறுமுன் வுலாசுவா வேலைக்குப் போனாள். குட்டி அவள் பின்கழுத்து மயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. செடிகளைப் பிடுங்கினாள். குழிகளில் காய்களைத் தட்டினாள். கன்னத்தில் இலை இல்லை.