கழுவிய கற்கள்

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உங்களில் பலர் அவருடைய வரலாற்றுக் கழகத்து நண்பர்கள். உங்களிடம் ஒப்புக்கொள்ள எனக்கு ஒன்று இருக்கிறது.

விக்கிரமங்கலத்தில் கூலி வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்த அப்பா, அரியலூரில் ஒரு சிமென்ட் ஆலையின் எடை மேடையில் எழுத்தராகச் சேர்ந்தார். சுண்ணாம்புக்கல் லாரியில் நத்தை வடிவக் கல் தென்பட்டால் ஓட்டுநரிடம் கெஞ்சியாவது இறக்கிவிடுவார். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததற்கு அதுதான் சாட்சி என்பார். அம்மா தலையில் அடித்துக்கொள்வார். அந்தக் கற்களும் ஊர்க்காரர்கள் கொடுத்தவையும் சேர்ந்துதான் கழகத்தின் ஒற்றை அறை அருங்காட்சியகம் ஆனது. ஒவ்வொரு கல்லின் அடியிலும் கிடைத்த இடமும் கொடுத்தவர் பெயரும் எழுதிய சீட்டை ஒட்டியிருந்தார். தனியாக நோட்டு கிடையாது. இடம் தெரியாத கல் வெறும் ஜல்லி என்பது அவர் கட்சி.

அதிகாரி ஒருவர் பார்வையிட வருகிறார் என்றதும், தூசியாகக் கிடக்கிறதே என்று நான் போய் அத்தனையையும் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். சீட்டுகள் கூழாகிவிட்டன. அப்பா மறுபடி எழுதிக்கொள்வார் என்று பெருக்கித் தள்ளினேன்.

அப்பா வந்து ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தார். "யாரு கேட்டாலும் நாந்தான் கழுவுனேன்னு சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத" என்றார்.

கழகக் கூட்டத்தில் ஒருவர், "இத்தன வருஷம் பாத்துட்டு நீங்களே இப்புடிப் பண்ணிட்டீங்களே சார்" என்றார். அப்பா தலைகுனிந்து நின்றார். செயலாளர் பொறுப்பையும் விட்டுவிட்டார். தேநீர் கொடுத்துக்கொண்டிருந்த நான் வாய் திறக்கவில்லை. முதலில் பயம், பிறகு வெட்கம், அதன்பின் பழகிவிட்டது.

அதிலிருந்து அப்பா பை நிறையக் கற்களோடு ஆண்டிமடம், பாடாலூர் என்று பஸ் ஏறி, "இது நீங்க குடுத்ததா, பாருங்க" என்று வீடு வீடாகக் கேட்டார். லப்பைக்குடிக்காட்டில் அவருடைய நண்பர் பாய், "மொதல்ல உக்காருங்கண்ணே, கல்லு எங்கயும் ஓடிடாது" என்று தண்ணீர் கொடுப்பாராம். மூச்சு வாங்கிய நாட்களிலும் போனார்.

"போதும், விடுங்கப்பா" என்றேன்.

"குடுத்தவங்க பேரு போயிடுச்சேம்மா" என்றார். என்னை ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கடைசி நாட்களில் மருத்துவமனையில் துணையிருந்தவர்களுக்கும், பெயர்களை நினைவுபடுத்திச் சொன்னவர்களுக்கும், தண்ணீர் கொடுத்த பாய்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பாவைப் பொறுப்பில்லாதவர் என்று பேசியவர்கள் மீது வருத்தமில்லை. அவர்தான் கழுவினார் என்று நீங்கள் கேள்விப்பட்டது பொய். அதைப் பொய்யாகவே விட்டுவைத்தவள் நான்.

பதினொரு கற்களுக்கு இன்னும் பெயர் தெரியவில்லை. திதியன்று அவற்றை அப்பா படத்தின் முன் வைத்திருப்பேன். உங்களுடையது எது என்று தெரிந்தால் சொல்லுங்கள், சீட்டை நான் எழுதுகிறேன். கூட்டத்தில் அப்பாவிடம் அன்று கேட்டதை என்னிடமும் ஒருமுறை கேட்டுவிட்டு, அதன்பின் சாப்பிட உட்காருங்கள்.

இளைய மகள்