வாண்டாவும் ஒற்றை மரபணுக் கூண்டும்

“இந்த எலிக்குக் கட்டி வந்துடுச்சு, வாண்டா” என்றேன்.

“எந்தக் கூண்டு?”

“ஒரு மரபணுவை மட்டும் ஏத்தின கூண்டு. இதுல வரவே கூடாது. வந்திருந்தா என் ரெண்டு வருஷ வேலையே தலைகீழாயிடும். இன்னைக்கே ஈரலை எடுத்துப் பாக்கணும்.”

“மொதல்ல என் கையில குடு.”

எலியை முழங்கைமேல் நிறுத்தி, வயிற்றை இரண்டு விரலால் மெல்ல அழுத்தினாள்.

“டாக்டரம்மா, கட்டின்னா விலாவுக்குக் கீழ கல்லாட்டம் தட்டுப்படும். இது ரெண்டு பக்கமும் மணி கோத்த மாதிரி இருக்கு. இவ முழுகாம இருக்கா.”

“இது பொண்ணுங்க கூண்டு!”

அவள் மற்ற எலிகளை ஒவ்வொன்றாக வாலைத் தூக்கிப் பார்த்தாள். மூன்றாவதை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இதோ மாப்பிள்ளை. யாரு பிரிச்சது?”

நான்தான். பால்குடி மறந்த நாற்பது குட்டிகளை ஒரே நாளில் அவசரமாக ஆண், பெண் என்று பிரித்திருந்தேன்.

“பேராசிரியர்கிட்ட ஓடுறதுக்கு முன்னாடி தெரிஞ்சுதே, அந்த மட்டுக்கும் நல்லது. புதுசா ஒரு கல்யாணத்தைத்தான் கண்டுபிடிச்சிருக்க.”

வாண்டா ஸ்கொராப்ஸ்கி பிட்ஸ்பர்கில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பத்தொன்பது வருடமாக எலிகளைப் பார்த்துக்கொள்கிறாள். அதற்கு முன் ரொட்டிக் கடையில் மாவு பிசைந்தாள். பதம் பார்க்கும் விரல்கள் அங்கிருந்து வந்தவை என்பாள். பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். எலிகளுக்குப் பெயர் வைக்கமாட்டாள், ஆனால் காலையில் கூண்டு கூண்டாகத் திட்டிக்கொண்டே தண்ணீர் மாற்றுவாள். நான் மதியம் சாப்பிடாமல் நழுவினால் உருளைக்கிழங்கு அடைத்த பியரோகிக் கொழுக்கட்டை டப்பாவோடு படியேறி வருவாள். எங்கள் கட்டுரைகள் எதையும் அவள் படித்ததில்லை.

சின்னக் குழந்தைகளுக்கு வரும் ஒரு வகை ஈரல் புற்றுநோயில் இரண்டு மரபணுக்கள் சேர்ந்து தறிகெட்டு வேலை செய்வதை அடிக்கடி பார்க்கிறோம். அவற்றை வாலின் இரத்தக்குழாய் வழியாக எலியின் ஈரலுக்குள் செலுத்தி, கட்டி வர ஒன்று மட்டும் போதுமா, இரண்டும் வேண்டுமா என்று பார்ப்பது என் வேலை. அந்தக் கர்ப்பத்தைக் கட்டி என்று குறித்திருந்தால், ஒன்றே போதும் என்று சொல்லியிருப்பேன்.

அந்தக் கூண்டைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். இந்த முறை வாலைத் தூக்கிப் பார்த்தது வாண்டா. மூன்று மாதத்தில், ஒரு மரபணு மட்டும் பெற்ற எலிகளின் ஈரல்கள் சுத்தமாக இருந்தன. இரண்டும் பெற்றவற்றில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

மாப்பிள்ளையின் குட்டிகள் ஆறு. வாண்டா வயிற்றை அழுத்திப் பார்த்த நான்காம் நாளே பிறந்துவிட்டன. பரிசோதனைக்கு உதவாத குட்டிகளை வைத்திருக்க விதி இடம் கொடுக்காது. கூண்டைச் சுத்தம் செய்தபடி, என்னைப் பார்க்காமலே வாண்டா கேட்டாள்:

“இதுங்கள என்னைக்கு முடிக்கப் போறன்னு முன்னாடியே சொல்லிடு, கண்ணு. அன்னைக்கு நான் லீவு போட்டுக்கறேன்.”