பிள்ளையாரின் பிறந்த தேதி

போன வாரம் புது லேப்டாப் வாங்கினேன். பழையதில் இருந்த அத்தனையும், நான் ஒரு காபியை ஆற்றிக் குடிப்பதற்குள், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் இதில் வந்து உட்கார்ந்துவிட்டன. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது. கம்ப்யூட்டர் மாற்றினால் ஒரு அலறலாவது வேண்டாமா?

புது பிளாஸ்டிக் வாசனை என்னை மேற்கு மாம்பலத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. அங்கே மாடிப்படிக்கு அடியில் ஒரு திருமணத் தகவல் மையம். என் முதல் வேலை. எனக்கே பெண் கிடைக்காத காலத்தில் ஊருக்கெல்லாம் பெண் பார்த்துக் கொடுத்தேன். முதலாளியை எல்லோரும் மாமா என்போம். ஜாதகங்கள் முழுவதையும் ஒற்றை விரலால் அவரே கம்ப்யூட்டரில் தட்டி ஏற்றியிருந்தார்.

ஒருநாள் அந்தப் பழைய கம்ப்யூட்டரை மாற்றிப் புதியது வாங்கினார் மாமா. சாயங்காலம் பழையதை எடுத்துப்போகக் கடை ஆள் வருவார். அதற்குள் டேட்டாபேஸை மாற்றியாக வேண்டும். இல்லையென்றால் மாம்பலத்தில் பாதிக் கல்யாணங்கள் ஆட்டோவில் ஏறிப் போய்விடும், கூடவே என் வேலையும்.

இம்போர்ட் கொடுத்தேன். ஜாதகங்களைப் புதியதற்கு இழுக்கும் வேலை முதல் வரிசையிலேயே நின்றது. 'பிறந்த தேதி இல்லை.' தேதி எழுதும் முறையை மாற்றினேன், ஃபைலை வேறு வகையில் சேமித்தேன், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். அதே பாட்டு. கடைசியில்தான் முதல் வரிசையைத் திறந்து பார்க்கும் புத்தி வந்தது. பெயர்: உ. மற்றதெல்லாம் காலி.

மாமா பிள்ளையார் சுழி போட்டுத்தான் டேட்டாபேஸையே ஆரம்பித்திருக்கிறார்! பழைய சாஃப்ட்வேருக்குப் பக்தி இருந்தது, பேசாமல் இருந்துவிட்டது. புதியது நாத்திகம்.

அழிக்கப் போனேன். மாமா பாய்ந்தார்.

"டேய், பிள்ளையார் மேலயே கை வைக்கறியா? வேற ஏதாவது பண்ணு!"

வாசலில் கடை ஆள் வந்து நின்றார். "இன்னா சார், டைம் ஆய்க்கினே கீது. தூக்கினு போவட்டா?"

வேறு வழியில்லை. பிள்ளையாருக்கு அவசரமாக ஒரு பயோடேட்டா தயாரித்தோம். பிறந்த தேதிக்குச் சதுர்த்தி பார்த்துப் போட்டோம். வருஷத்துக்கு மாமா "அநாதி" என்றார். சாஃப்ட்வேர் ஒப்புக்கொள்ளவில்லை. நான் பிறந்த வருஷத்தையே போட்டேன். வேலை: விக்னம் தீர்ப்பது. உடன்பிறந்தோர்: தம்பி ஒருவர், திருமணமானவர். தம்பிக்கு எத்தனை மனைவி என்று நல்லவேளை சாஃப்ட்வேர் கேட்கவில்லை.

மறுபடி இம்போர்ட் கொடுத்தேன். மளமளவென்று அத்தனை பேரும் வந்து சேர்ந்தார்கள். மாமா என் தலையில் ஒரு குட்டு வைத்து, "பொழைச்சேடா" என்றார்.

மறுநாள் கோபாலபுரத்திலிருந்து மகளுக்கு வரன் தேடி வந்த ஒருவர், திரையில் முதல் பெயரிலேயே நின்றுவிட்டார்.

"பையன் போட்டோ இல்லையா சார்?"

"கோயில்ல பாத்துக்கலாம்," என்றார் மாமா, முகம் மாறாமல்.

பிறகு செல்போனே வரன் பார்க்கத் தொடங்கியது. இன்று மாமா இல்லை. மையம் இருந்த இடத்தில் செல்போனுக்கு உறை விற்கிறார்கள். மையத்தை மூடிய அன்று, வேறு வேலையில் இருந்த என்னை மாமா கூப்பிட்டனுப்பினார். கம்ப்யூட்டரை விற்கப்போகிறாராம். டேட்டாபேஸை எந்தக் கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டேன்.

"எதுக்கும் வேண்டாம். நம்மள நம்பிக் குடுத்த ஜாதகம், வெளியாள் கைக்குப் போகப்படாது. எல்லாரையும் அழிச்சுடு."

அழித்துக்கொண்டே வந்தேன். மாமா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக ஒரு வரிசை மிஞ்சியது.

"இவரையுமா மாமா?"

"அவர் இருக்கட்டும்டா. வாங்கறவனும் எதையாவது ஆரம்பிப்பானோல்லியோ."